சாட்சிக்கு பேட்டா உண்டா, சார்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டான். நேரே கீழே இறங்கி 'ஆகமொத்தம்' எவ்வளவு என்று பார்ப்பான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட, முகூர்த்த நேரத்துக்கு முன்னால் மொய் எவ்வளவு என்றுதான் மனசு கணக்குப் போடும்.

எனக்கும் அந்த வியாதி முற்றிய நிலையில் இருக்கிறது. தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கும் என் நண்பன் ஒருத்தன், ஒரு சட்டப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு டீ சொல்லப் போனான். 'பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989' என்று அட்டையில் போட்டிருந்தது. நான் சட்டத்தை விட்டுவிட்டு, கடைசியில் இருந்த அட்டவணைக்குப் போனேன். எந்தக் குற்றத்துக்கு ஆளானவருக்கு எவ்வளவு நிவாரணம் என்று வரிசையாக ஒரு பட்டியல். 2016-ல் திருத்திய விதிகள்படி 85,000 ரூபாயில் ஆரம்பித்து 8,25,000 ரூபாய் வரை போகிறது. கொலை என்றால் 8,25,000. அதிலும் இரண்டு தவணை! பாதி, போஸ்ட்மார்ட்டம் முடிந்த பிறகு. மீதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போன பிறகு. எல்.ஐ.சி.யில்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

அதற்குக் கீழே கூடுதல் உதவிகள். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை பென்ஷன், அகவிலைப்படி தனி. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. தேவைப்பட்டால் விவசாய நிலம், வீடு. பிள்ளைகளுக்கு டிகிரி வரை படிப்புச் செலவு. அப்புறம் மூன்று மாதத்துக்குப் பாத்திரம் பண்டம், அரிசி, கோதுமை, பருப்பு...

கோதுமையா?

தஞ்சாவூர்ப் பக்கம் கோதுமை என்றால் சர்க்கரை வியாதி வந்த பிறகு டாக்டர் சொல்லிச் சாப்பிடுவது. துக்க வீட்டில் சப்பாத்தி தேய்த்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சட்டம் இந்தியா முழுமைக்கும் பொது, பஞ்சாபில் அரிசியைப் பார்த்து இதே கேள்வியை ஒருத்தர் கேட்பார் என்பது எனக்கும் தெரியும். குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. அடிபட்டு நிற்கிற மனுஷிக்கு உதவி செய்கிறேன் என்று ஒரு சர்க்கார் கிளம்புகிறது. நல்ல விஷயம். ஆனால் அவள் என்ன சாப்பிடுவாள், என்ன பாஷை பேசுவாள், கஷ்டம் வந்தால் யார் தோளில் சாய்வாள் என்று யாராவது யோசித்தார்களா?

யோசித்தவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் தூரம் போகவேண்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்கள். அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தில் 'எஸ்கிமோ' என்று படித்தோமே, அவர்கள்தான். (அந்தப் பெயர் அவர்களில் பலருக்குப் பிடிக்காது.) 1999 ஏப்ரல் 1-ந் தேதி அவர்களுக்கென்று நுனாவுட் என்ற பிரதேசம் பிரிந்தது. மொத்தம் 25 ஊர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரோடு கிடையாது. அதனால் அங்கே கோர்ட்டே விமானம் ஏறி ஊர் ஊராகப் போகிறது! ஜட்ஜ், வக்கீல், குமாஸ்தா எல்லாரும் பெட்டியோடு வந்து இறங்கி, ஊர்ப் பொதுக் கட்டடம் எதிலாவது உட்கார்ந்து விசாரித்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறப்பார்கள். பேசுவது இங்கிலீஷ். கூண்டில் நிற்கிற பெண்ணுக்கு இனுக்டிடுட். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

இந்த ஜனங்களுக்கு சர்க்கார் என்றாலே அடிவயிறு கலங்கும். காரணம் உண்டு. 1940-களில் 'இவர்கள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை' என்று, ஆளுக்கு ஒரு நம்பர் அடித்த வட்டவில்லையைக் கொடுத்தது கனடா அரசு. கிழக்கே இருந்தால் 'ஈ', மேற்கே இருந்தால் 'டபிள்யூ', அப்புறம் நம்பர். 1970-கள் வரை ஆவணங்களில் அதுதான் அவர்கள் பெயர். பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்த் தாய்மொழியை மறக்கடித்த கதை தனி. அந்த சர்க்காரின் போலீஸ் வந்து, 'அம்மா, உனக்கு நடந்த கொடுமையைச் சொல்லு' என்றால் எந்த அம்மா சொல்லுவாள்?

அதனால் அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பவர்கள் வேறு மாதிரி ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் பாஷையிலேயே பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் இருவர் பக்கத்தில். சீல் எண்ணெய் ஊற்றிய கல்விளக்கை ஏற்றி வைப்பது. 'குல்லிக்' என்று பெயர், வீட்டில் பெண்கள்தான் பார்த்துக்கொள்ளும் விளக்கு, நம்ம குத்துவிளக்கு மாதிரி. சாப்பிட கரிபு மான் கறியோ, சீல் கறியோ. கேஸ் நம்பர் எல்லாம் அப்புறம்.

சரி, ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். காவிரிக் கரைக்குத் திரும்புவோம். இங்கே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. அன்றைக்கு ஒன்றுபட்ட தஞ்சாவூர் ஜில்லாவில், நாகப்பட்டினம் பக்கம். கூலியாகக் கொடுக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள் விவசாயத் தொழிலாளர்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகமாட்டோம் என்றார்கள். எதிரே நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று நிலக்கிழார்களின் சங்கம். அன்று ராத்திரி தலித் தெருவுக்குள் புகுந்த கும்பலுக்கு பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் 44 பேர். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேரும் செத்தார்கள். அதே இரவில் நிலக்கிழார் தரப்பிலும் ஓர் ஆள் கொல்லப்பட்டிருந்தார். அந்த வழக்கில் தொழிலாளர்கள் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள்.

குடிசை வழக்கில்? 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட், நிலக்கிழார்கள் சிலருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. கார் வைத்திருக்கிற, வசதியான மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்ற அர்த்தத்தில் அந்தத் தீர்ப்பு பேசியது. (நான் ஒரு மொபெட்தான் வைத்திருக்கிறேன். சட்டத்தின் பார்வையில் என் நிலைமை கவலைக்கிடம்!)

இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார், சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார். சினிமா வந்தது, டாகுமென்டரி வந்தது. நான் கேட்பது வேறு. தீ அணைந்த பிறகு மிச்சம் இருந்தவர்களுக்கு என்ன ஆச்சு? பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவன், பொழுது விடிந்தால் எங்கே வேலைக்குப் போவான்? இருக்கிற வயலெல்லாம் யாருடையது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கணும். டெல்டாவின் கணக்கே வேறு. ஆபீஸில் மானேஜரோடு தகராறு என்றால் டிரான்ஸ்ஃபர் கேட்கலாம், ரிஸைன் பண்ணலாம், குறைந்தபட்சம் மெடிக்கல் லீவாவது போடலாம். அன்றைய பண்ணையாளுக்கு வேலை கொடுப்பவர் நிலக்கிழார். கூலி நெல் அளப்பவர் அவர். அவசரத்துக்குக் கடன் கொடுப்பவர் அவர். குடிசை நிற்கிற மனைக்கட்டே அவருடையது. அவர் மேல் சாட்சி சொல்லவேண்டும் என்றால், சொல்லிவிட்டு எங்கே படுப்பது? 'சாட்சிகள் பிறழ்ந்துவிட்டன' என்று பேப்பரில் ஒரு வரியில் போடுகிறார்களே, அந்த ஒரு வரிக்குள் இந்த மனைக்கட்டு இருக்கிறது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971-ல்தான்.

வெண்மணிச் செய்தி கேட்டு வந்தவர்களில் ஒரு தம்பதி, எஸ். ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள். இருவரும் காந்திக்காரர்கள், வினோபாவின் பூமிதானத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். கிருஷ்ணம்மாள் 1926-ல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர், அந்தக் காலத்திலேயே பட்டப்படிப்பு முடித்தவர். ஆறுதல் சொல்லிவிட்டு மாலை வண்டிக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இந்த ஜில்லாவிலேயே தங்கிவிட்டார்கள்.

அந்த அம்மாள் கவுன்சலிங் படித்தவர் இல்லை. இந்த ஜனங்களோடு இருந்தார், அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டார், அவர்கள் படுத்த இடத்தில் படுத்தார். இருந்து பார்த்ததில் அவருக்குப் பட்டது ஒரே விஷயம். இவர்களுக்கு நிலம் வேண்டும். அதுவும் இனாமாக வேண்டாம். 1981-ல் ஜெகந்நாதனும் அவரும் சேர்ந்து 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' ஆரம்பித்தார்கள். சுருக்கமாக 'லாஃப்டி'. வழி என்னவென்றால், மிராசுதாரரிடம் போய் உட்கார்ந்து பேசுவது. நியாயமான விலை முடிவு பண்ணுவது. பாங்கில் கடன் வாங்குவது. நிலத்தைப் பிரித்துப் பெண்கள் பெயரில் பதிவது. உழைத்துக் கடனை அடைப்பது.

பெண்கள் பெயரில்! இதை நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை ரசித்தேன். புருஷன் பெயரில் பத்திரம் இருந்தால் அது ஒருநாள் கள்ளுக்கடை வழியாகப் போய்விடும் என்பது எந்த யூனிவர்ஸிடியிலும் சொல்லித் தராத பாடம். அந்தத் தெருவில் தங்கியவருக்குத்தான் தெரியும்.

லாஃப்டி வழியாகக் கைமாறிய நிலம் சுமார் 13,000 ஏக்கர், சுமார் 13,000 குடும்பங்களுக்கு. பி.காம். மூளை உடனே வகுத்துப் பார்த்தது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். நம்மூர்க் கணக்கில் மூணு மா. மூணு மா வைத்துக்கொண்டு யாரும் பங்களா கட்டமுடியாது. ஆனால் சாட்சி சொல்லலாம். மறுநாள் காலை கூலிக்கு யார் வாசலில் நிற்பது என்ற கவலை பாதி குறைகிறது, இல்லையா? அப்புறம் அவர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டது குடிசைகளுக்கு பதில் செங்கல் வீடு. தீயில் 44 பேர் போன ஜில்லாவில் செங்கல் என்பது வெறும் கட்டுமானப் பொருள் இல்லை. 2008-ல் இந்தத் தம்பதிக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

வெண்மணியில் டிசம்பர் 25 தோறும் ஜனங்கள் கூடுகிறார்கள். செங்கொடியோடு ஊர்வலமாக வந்து நினைவிடத்தில் நிற்கிறார்கள். அரசியல் என்பீர்கள். ஆமாம், அரசியல்தான். ஆனால் கோர்ட் 'குற்றவாளி யாரும் இல்லை' என்று மூடிவிட்ட ஒரு சாவுக்கு, வருஷா வருஷம் வந்து 'நடந்தது நிஜம்' என்று ஊரறியச் சொல்வது, செத்தவர்களின் சொந்தக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! நம் வழக்கத்தில் திதி கொடுக்காவிட்டால் மனசு ஆறாது. இது ஊர் கூடிக் கொடுக்கிற திதி.

சட்டமும் சும்மா இருந்துவிடவில்லை. 1989 சட்டத்தைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் '15ஏ' என்று ஒரு பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உள்ள உரிமைகள் அதில் இருக்கின்றன. எதிரிக்கு ஜாமீன் கொடுக்கும் முன் அவருக்குச் சொல்லி அனுப்பணும். அவர் பேச்சைக் கேட்கணும். மரியாதையாக நடத்தணும். வக்கீலோ, சமூக சேவகரோ, தொண்டு நிறுவனமோ, துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோர்ட்டே ஊருக்குப் போன கதையும் நம்மிடம் ஒன்று உண்டு. தர்மபுரி ஜில்லா, அரூர் தாலுகா, வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். அப்பீலில் 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், தீர்ப்புக்கு முன்னால் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். தண்டனையை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். முப்பத்தோரு வருஷம்! அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் வாபஸ் வாங்காமல் நின்றதற்கு, கூடவே நின்ற மலைவாழ் மக்கள் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இதெல்லாம் பேப்பரில் வருகிற பெரிய கேஸ். பேப்பரில் வராத கேஸ்கள்தான் ஜாஸ்தி. என் நண்பன் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம்.

ஒரு பெண்மணி, முப்பத்தைந்து வயசு இருக்கும். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை. பாக்கிக் கூலியைக் கேட்டதற்கு, நாலு பேர் பார்க்க வரப்பில் வைத்து அடித்தார்கள், சாதியைச் சொல்லித் திட்டினார்கள். ஸ்டேஷனில் போய் அவர் நடந்ததை முக்கால் மணி நேரம் சொன்னாராம். முதல்ல தலைமயிரைப் பிடிச்சான், தாலிக்கயிறு அறுந்து சேத்துல விழுந்துச்சு, அதைத் தேடும்போதுதான் ரெண்டாவது அடி... இப்படி. காகிதத்தில் என்ன ஏறியது தெரியுமா? 'மேற்படி எதிரி என்னை ஆபாச வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார். படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.'

தமிழ்நாட்டில் அடி வாங்கும் ஜனங்கள் எல்லாரும் ஒரே நடையில் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதலாம். சேற்றில் விழுந்த தாலிக்கயிறு எங்கே போச்சு? அந்தப் பெண்மணிக்கு அதுதான் கேஸே! எழுதியதைக் கையெழுத்துக்கு முன் படித்துக்காட்டவேண்டும் என்பது சட்டத்தின் 4-ம் பிரிவில் இருக்கிறது. வேண்டுமென்றே படித்துக்காட்டாமல் விட்டால், பட்டியல் இனத்தவரல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத ஜெயில், ஒரு வருஷம் வரை போகும். படித்தும் காட்டலாம். ஆனால் அந்த பாஷை அவருக்குப் புரியவேண்டுமே.

கோர்ட்டில் அவருக்குப் பெயரும் கிடையாது. 'அ.சா.1', அதாவது அரசுத் தரப்பு சாட்சி ஒன்று. இனுயிட்காரர்களின் வட்டவில்லை ஞாபகம் வந்தது எனக்கு.

வாய்தா, வாய்தா என்று மூணு வருஷம். தேதி சம்பா நடவு சமயத்தில்தான் வந்து விழும். எனக்கு உடனே என் துறைக் கேள்வி. "ஏண்டா, இவங்களுக்கு பேட்டா கிடையாதா? நாங்க ஆடிட்டுக்கு கும்பகோணம் போனாலே பஸ் சார்ஜ், சாப்பாட்டுப்படி எல்லாம் எழுதுவோமே?"

"உண்டுடா. விதி 11-ல இருக்கு" என்றான்.

படித்துப் பார்த்தேன். அசந்துவிட்டேன். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் ஊரிலிருந்து கோர்ட் போய்வர ரயில் அல்லது பஸ் கட்டணம். வேலை கெட்ட நாளுக்கு விவசாயத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை. சாப்பாட்டுச் செலவு தனி. பெண்கள், மைனர்கள், அறுபது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் தமக்குப் பிடித்த துணையாள் ஒருவரைக் கூட்டிவரலாம். துணையாளுக்கும் அதே பேட்டா! உடனே, அல்லது மூன்று நாளுக்குள் கொடுக்கணும். 1995-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவருக்கு ஒரு கும்பிடு. அந்தப் பெண்மணியிடம் மூணு வருஷத்தில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் யார் காசுல வந்தாங்க?"

"அதை அவங்க செட்டுலயே போய்க் கேளு" என்றான்.

போனேன். பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவு செட். ஒரு மாவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, நட்டு முடித்துத் தலைக்குப் பிரித்துக்கொள்வார்கள். செட்டுக்குத் தலைவி அறுபது வயசு ஓர் ஆயி. எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி ஒருத்தி நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதுகிறாள். அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். பன்னிரண்டு பெயர், தேதிக்குத் தேதி டிக். நடுநடுவே இந்தப் பெண்மணியின் பெயருக்கு நேரே டிக்குக்கு பதில் 'கோ' என்று எழுதியிருந்தது. அன்றைக்கெல்லாம் இன்னொரு பெயருக்கு நேரேயும் 'கோ'. அந்த இன்னொரு பெயர் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருந்தது.

"கோன்னா என்ன ஆயி?"

"கோர்ட்டு தம்பி. அவளத் தனியா அனுப்ப முடியுமா? மொறை வச்சுக்கிட்டுக் கூடப் போறது."

வயலில் பத்துப் பேர்தான் இறங்கியிருக்கிறார்கள். கூலியைப் பன்னிரண்டாக வகுத்திருக்கிறது.

"வேலை செய்யாதவங்களுக்கு எப்படிப் பங்கு?" இது நான் கேட்கவில்லை, எனக்குள் இருக்கும் ஆடிட் குமாஸ்தா கேட்டான்.

ஆயி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவளும் வேலையாத்தானே தம்பி போனா? பேசாம இருந்திருந்தா நாளைக்கு அந்த அடி எங்கள்ல எவளுக்கோல்ல?"

கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கு பஸ்ஸில் கேஸைப் பற்றிப் பேச்சே கிடையாதாம். சீரியல் கதை, மருமகள் கதை. தூக்குச்சட்டியில் பழைய சோறு, மாங்காய் ஊறுகாய். சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்ததும் 'என்ன கேட்டாங்க' என்று யாரும் கேட்பதில்லை. முதலில் சோறு. எதிர்த்தரப்பு ஆள் நடுவில் ஒரு தடவை சமாதானத்துக்கு வந்திருக்கிறார், 'வாபஸ் வாங்கினா இந்த சீசன் நடவு முழுக்க உங்க செட்டுக்கே' என்று. கூலிப் பெண்களுக்கு அது சின்ன தொகை இல்லை. நடவு மிஷின் வந்த பிறகு வேலை நாளே சுருங்கிவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேர், வாங்கிக்கலாமே என்றார்களாம். ஆயி மறைக்காமல் சொன்னார். கடைசியில் வேண்டாம் என்று முடிவு. அந்த சீசனில் அந்த இரண்டு பேரில் ஒருத்தி வேறு செட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் திரும்பி வந்தாள். பேத்தி நோட்டில் அதுவும் இருக்கிறது, நாற்பது நாள் காலி.

அடிபட்ட பிறகு அந்தப் பெண்மணி ஒரு போகம் முழுக்க வயலில் வாயே திறக்கவில்லையாம். நாற்று நடும்போது எல்லாரும் பேசுவார்கள், சிரிப்பார்கள், அவர் மட்டும் குனிந்தது குனிந்தபடி. "அடுத்த தாளடியில, முதல் முடி நடும்போது குலவை போட்டோம். அவ சத்தமும் கேட்டுச்சு. அப்பத்தான் எங்களுக்கு உசிரு வந்துச்சு" என்றார் ஆயி. இதற்கு எந்த அட்டவணையிலும் தொகை போட்டிருக்கவில்லை.

என் நண்பன் விதி 11-ல் மனுப் போட்டான், துணையாள் பேட்டாவும் சேர்த்து. மூன்று நாள் என்பது சில மாதங்கள் ஆச்சு. ஆனாலும் வந்தது. பஸ் சார்ஜும் ஒரு சில நாள் கூலியும், பெரிய தொகை இல்லை. அந்தப் பெண்மணி பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நேரே ஆயியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பேத்தி நோட்டை எடுத்தாள். 'கோ வரவு' என்று எழுதி, தொகையைப் பன்னிரண்டால் வகுத்தாள். சரியாக வகுபடவில்லை, நாலு ரூபாய் மிச்சம் வந்தது.

"அத டீக்கு வச்சுக்க" என்றார் ஆயி. அடுத்த வாய்தா தை மாதம், பொங்கல் கழித்து. யார் முறை என்று பேத்தி விரலால் கோடு பிடித்துத் தேடிக்கொண்டிருந்தாள்.